முதலாண்டு மாணவர்களுக்கு ஆய்வுக் கட்டுரை எழுதச் சொல்லித் தருவது எப்படி?

கல்லூரியில் புதிதாக ஆசிரியர் வேலையில் சேர்ந்திருக்கிறீர்கள். கௌரவ விரிவுரையாளரோ உதவிப் பேராசிரியரோ, முதல் வருடம் முதலாண்டு வகுப்பைத்தான் உங்கள் தலையில் கட்டுவார்கள். 60 பேர் உட்கார்ந்திருப்பார்கள். 'விமர்சனச் சிந்தனை, ஆய்வு எழுத்து' என்று பாடத்திட்டத்தில் ஒரு வரி இருக்கும். அதை எப்படி நடத்துவது என்பதை மட்டும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு பருவத்துக்குள் செய்து முடிக்கக்கூடிய வழி ஒன்றை இங்கே சொல்கிறேன். தமிழ்நாட்டுக் கலை அறிவியல் கல்லூரிகளை மனத்தில் வைத்து எழுதியது. துறை எதுவானாலும் பெரும்பகுதி பொருந்தும்.

முதலில் வந்திருக்கும் பிள்ளைகளைப் புரிந்துகொள்ளுங்கள். பன்னிரண்டு வருடம் அவர்கள் பழகியது புக் பேக் கேள்வியும் கைடில் உள்ள விடையும்தான். புத்தக வரியைப் பிசகாமல் எழுதினால் முழு மதிப்பெண் என்று சொல்லி வளர்த்திருக்கிறோம். அவர்களிடம் போய் 'நீ என்ன நினைக்கிறாய்?' என்று கேட்டால், 'எந்தப் பக்கம் சார்?' என்று திருப்பிக் கேட்பார்கள். அதை மந்தம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சொன்னதை ஒழுங்காகச் செய்த பிள்ளைகள் அவர்கள். இப்போது விளையாட்டின் விதி மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

என் அனுபவத்தில் எல்லாம் கேள்வியின் அளவில்தான் போய் நிற்கிறது. 'பெண் கல்வி' என்று தலைப்பைக் கொடுத்தால் காப்பியடிப்பார்கள். வேறென்ன செய்வார்கள், பாவம்? அந்தத் தலைப்பில் எழுதப்படாதது என்று ஒன்றுமே இல்லையே. எங்கும் பதில் எழுதிவைக்கப்படாத ஒரு சின்னக் கேள்வியைக் கொடுத்துப் பாருங்கள். யோசிப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு வழி இருக்காது. பருவ முடிவில் ஆளுக்கு இரண்டு பக்கம் வந்தால் போதும். இருபது பக்கம் தட்டச்சு செய்து ஸ்பைரல் பைண்டிங் போட்டு வரும் அசைன்மென்ட்டை இன்றோடு மறந்துவிடுங்கள்.

முதல் வாரம்: ஒரே ஒரு கூற்று

விமர்சனச் சிந்தனை என்றால் என்ன என்று வரையறை எழுதிப் போடாதீர்கள். மெய்ப்பொருள் காண்பது பற்றிய குறளையும் முதல் நாளே பலகையில் எழுதாதீர்கள். அது அவர்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம். இரண்டு மதிப்பெண் கேள்வியாகப் பார்த்துப் பார்த்து மரத்துப்போயிருக்கும். அதற்குப் பதிலாக இந்த ஒரு வரியை எழுதுங்கள்:

'தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாது.'

நம்புகிறவர்கள் கை தூக்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் முக்கால் வகுப்பு தூக்கும். அடுத்த கேள்வி, 'உனக்கு எப்படித் தெரியும்?' வரும் பதில்களை அப்படியே பலகையில் எழுதிக்கொண்டே போங்கள். ஸ்கூல் டூரில் கைடு சொன்னார், வாட்ஸப்பில் வந்தது, தாத்தா சொன்னார், எல்லாருக்கும் தெரியும் சார். எதையும் கிண்டல் செய்யாதீர்கள். எழுதி முடித்ததும், இவர்களில் யார் யார் நேரில் நின்று நிழலைப் பார்த்தவர்கள் என்று கேளுங்கள். வகுப்பு அமைதியாகிவிடும்.

அப்புறம் கணக்குக்கு வாருங்கள். விமானத்தின் உயரம் சுமார் 216 அடி என்பார்கள். அடித்தளம் ஒரு பக்கம் ஏறத்தாழ 100 அடி, அதாவது நடுவிலிருந்து விளிம்பு வரை 50 அடி. சூரியன் 45 பாகை உயரத்தில் இருக்கும்போது நிழலின் நீளமும் உயரமும் ஒன்றே. இது பத்தாம் வகுப்புக் கணக்கு. மார்ச், செப்டம்பரில் காலை ஒன்பது மணியைத் தாண்டியதும் சூரியன் அந்த உயரத்துக்கு வந்துவிடும். அப்போது விமான உச்சியின் நிழல் நடுவிலிருந்து 216 அடி மேற்கே விழ வேண்டும். 50 போக மிச்சம் 166. அவ்வளவு நீளத்துக்கு வெளியே வரும் நிழல், பின்பக்க முற்றத்தில் விழாமல் எங்கே போகும்? தஞ்சாவூரில் சொந்தக்காரர் இருக்கும் பிள்ளை எந்த வகுப்பிலும் ஒன்றாவது இருக்கும். மறுநாள் காலை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னால் வேலை முடிந்தது.

இத்தனைக்கும் பிறகுதான் உண்மையான பாடம் ஆரம்பிக்கிறது. ஒரு பையன் எழுந்து, 'மதியம் பன்னிரண்டு மணிக்கு மட்டும்தான் சார் விழாது, அதைத்தான் சொல்கிறார்கள்' என்பான். கட்டாயம் ஒருவன் சொல்வான். அவனை உட்கார வைத்துவிடாதீர்கள். பலகையில் முதல் கூற்றுக்குக் கீழே இதை இரண்டாம் கூற்றாக எழுதுங்கள். இரண்டும் ஒன்றா? இல்லை. நெருக்கிப் பிடித்ததும் கூற்று சத்தம் போடாமல் இடம் மாறியிருக்கிறது. சரி, இடம் மாறியதையும் சோதித்துப் பார்ப்போம். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் தஞ்சாவூரில் உச்சிவேளையில் சூரியன் ஏறக்குறைய நேர் தலைக்கு மேல் வரும். அந்த நாட்களில் அகன்ற அடித்தளத்துக்குள்ளேயே நிழல் அடங்கிவிடும். அதுவரை பையன் சொன்னது சரி. ஆனால் அந்த நாட்களில் நம் கல்லூரிக் கொடிக்கம்பத்துக்கும் நிழல் காலடியில்தான் கிடக்கும். டிசம்பரிலோ உச்சிவேளையில்கூடச் சூரியன் தெற்கே சாய்ந்து 56 பாகையில்தான் நிற்கும். நிழல் வடக்கே அடித்தளத்தைத் தாண்டிக் கிட்டத்தட்ட 100 அடி வெளியே வந்துவிடும். ஆக, இரண்டாம் கூற்று சில நாட்களுக்கு உண்மை, பல நாட்களுக்குப் பொய். 'எப்போது, எங்கே, எந்த அளவுக்கு' என்று கேட்கும் பழக்கம் இந்த ஒரு மணி நேரத்தில் பிள்ளைகளுக்குத் தொற்றிக்கொள்ளும்.

ஒன்றில் கவனம் தேவை. சில பிள்ளைகளுக்கு முகம் வாடிவிடும். ராஜராஜனை நீங்கள் குறைத்துப் பேசுவதாகத் தோன்றும். அவர்களுக்காகக் கல்வெட்டைக் கையில் வைத்திருங்கள். 'தென்னிந்தியக் கல்வெட்டுகள்' தொகுதி 2-இல் பெரும்பகுதி தஞ்சைக் கோயில் கல்வெட்டுகள்தான், ஹுல்ட்ஷ் முதலான கல்வெட்டு அறிஞர்கள் பதிப்பித்தது. அதில் ஒரு கல்வெட்டு, கோயிலுக்குக் கொண்டுவந்து குடியமர்த்திய 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் பணிக்கான ஆடல் மகளிரின்) பெயர்களை அடுக்குகிறது. யார் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர், எந்தச் சிறகில் (தெருவின் எந்த வரிசையில்) எத்தனையாவது வீடு என்றெல்லாம் கல்லில் இருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு, பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய வீட்டு முகவரி! இல்லாத நிழலுக்கு வாய் பிளந்தவர்கள் இதற்கு இன்னும் அகலமாகப் பிளப்பார்கள். வரலாறும் தமிழும் படிக்கிற பிள்ளைகளுக்கு இதிலேயே கேள்வியும் இருக்கிறது: திருவாரூரிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், எந்தெந்த ஊர்கள் திரும்பத் திரும்ப வருகின்றன? பட்டியலை எடுத்து உட்கார்ந்து எண்ணினால்தான் பதில் கிடைக்கும்.

இரண்டு, மூன்றாம் வாரம்: தலைப்பைக் கேள்வியாக்குவது

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். பருவத்திலேயே அதிக நேரம் கேட்கிற இடம் இதுதான்.

ஒவ்வொருவரையும் தனக்குப் பிடித்த தலைப்பு ஒன்றை எழுதச் சொல்லுங்கள். சமூக ஊடகங்களின் தாக்கம், பிளாஸ்டிக் ஒழிப்பு, பெண் கல்வி, உழவும் உழவரும் என்றுதான் வரும். வரட்டும். ஒவ்வொன்றையும் எடுத்து, 'யார்? எங்கே? எப்போதிலிருந்து? எதை எண்ணலாம், யாரைக் கேட்கலாம்?' என்று வகுப்பே சேர்ந்து குடைய வேண்டும்.

பிளாஸ்டிக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் 14 வகைப் பிளாஸ்டிக் பொருள்களுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. கேரி பேக், தண்ணீர் பாக்கெட், உறிஞ்சுகுழல், பிளாஸ்டிக் டீ கப் எல்லாம் அதில் அடக்கம். 'பிளாஸ்டிக் ஒழிப்பு' என்ற தலைப்பு இப்போது இப்படிச் சுருங்கும்: 'நம் கல்லூரி வாசலில் உள்ள கடைகளில் இந்த 14-இல் எவை இன்றும் புழங்குகின்றன? கடைக்காரர்கள் என்ன காரணம் சொல்கிறார்கள்?' இதற்கு இணையத்தில் விடை கிடையாது. ஒரு சாயங்காலம் நடந்தால் கிடைத்துவிடும்.

'பெண் கல்வி'யும் அப்படித்தான். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்கு வந்த மாணவிகளுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. உங்கள் வகுப்பிலேயே அதை வாங்குகிறவர்கள் இருப்பார்கள். அந்த ஆயிரம் ரூபாய் பேருந்துக்குப் போகிறதா, புத்தகத்துக்கா, வீட்டுச் செலவுக்கா? நல்ல கேள்விதான், ஆனால் வீட்டுப் பண விஷயம். விருப்பப்பட்டவர்கள் மட்டும், பெயர் எழுதாமல், துண்டுச் சீட்டில் எழுதித் தரலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வு அறம் பற்றித் தனியாக ஒரு வகுப்பு எடுப்பதைவிட இந்தச் சீட்டு விவகாரத்தை ஐந்து நிமிடம் பேசுவது மேல்.

கேள்வி சரியா என்று பார்க்க இரண்டு சோதனை போதும். பதில் 'ஆம்' என்றும் வரலாம், 'இல்லை' என்றும் வரலாம் என்ற நிலை இருக்கிறதா? மூன்று வாரத்தில், கையில் காசில்லாத ஒரு முதலாண்டு மாணவரால் முடியுமா? இரண்டில் ஒன்று தவறினாலும் கேள்வியைத் திருப்பிக் கொடுங்கள். சிலர் நாலு முறை மாற்றி எழுத வேண்டியிருக்கும். இந்தச் சலிப்பைத் தாங்கிக்கொண்டால் பின்னால் வரும் வேலையெல்லாம் பாதியாகிவிடும்.

நான்கு முதல் ஏழாம் வாரம் வரை: தேடுவதும் குறிப்பெடுப்பதும்

எது நம்பத்தகுந்த மூலம் என்று பட்டியல் போட்டுக் கொடுப்பதில் பயன் குறைவு. ஒரே செய்தியைப் பின்னோக்கி நடத்திக் காட்டுங்கள். 'கீழடி நாகரிகம் 2600 ஆண்டுப் பழமையானது' என்று எல்லாரும் கேள்விப்பட்டிருப்பார்கள். பகிரப்பட்ட படத்திலிருந்து நாளிதழ்ச் செய்திக்கும், அதிலிருந்து 2019-இல் தமிழ்நாடு அரசின் தொல்லியல் துறை வெளியிட்ட அறிக்கைக்கும் அழைத்துப் போங்கள். நான்காம் கட்ட அகழாய்வில் கிடைத்த ஆறு கரிம மாதிரிகள் அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் உள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போயின. அவற்றில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுத்த ஒன்றுக்குத்தான் பொது ஆண்டுக்கு முன் 580 என்ற காலம் கிடைத்தது என்பது அறிக்கையில் இருக்கிறது. செய்தி பொய்யில்லை. ஆனால் படத்தில் ஊர் முழுவதற்கும் சொல்லப்பட்ட வயது, அறிக்கையில் குறிப்பிட்ட ஆழத்தில் கிடைத்த ஒரு மாதிரியின் வயதாக இருக்கிறது. மூலத்துக்கு ஏன் போக வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

எங்கே தேடுவது? தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையதளம் இருக்கிறது. ஆய்வேடு முழுவதையும் முதலாண்டுப் பிள்ளை படிக்க வேண்டாம். கடைசியில் உள்ள நூற்பட்டியலைப் பார்த்தாலே வழி திறந்துவிடும். மக்கள்தொகை எண்கள் வேண்டுமென்றால் 2011 கணக்கெடுப்பு. விக்கிப்பீடியாவைத் தடை செய்யாதீர்கள். தடை செய்தாலும் பார்க்கத்தான் போகிறார்கள். அங்கே தொடங்கு, அடிக்குறிப்பு எங்கே கைகாட்டுகிறதோ அங்கே போ என்று சொல்லுங்கள். சென்னையில் இருப்பவர்கள் ஒருநாள் கன்னிமாராவுக்கோ ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்துக்கோ கூட்டிப் போகலாம். மதுரைக்காரர்களுக்குக் கலைஞர் நூற்றாண்டு நூலகம். மற்ற ஊர்களில் மாவட்ட மைய நூலகம் போதும். நூலகரிடம் முதல் நாளே சொல்லி வைத்துவிடுங்கள்.

குறிப்பெடுக்க, ஏ4 தாளை நான்காக மடித்துக் கிழித்த துண்டுகள். ஒவ்வொரு துண்டிலும் மேலே நூல், ஆசிரியர், ஆண்டு, பக்கம். நடுவில் மூலத்தின் வரி, ஒரு எழுத்தும் மாறாமல், மேற்கோள் குறிக்குள். கீழே அந்த வரி தன் கேள்விக்கு எதைச் சொல்கிறது என்று சொந்த வாக்கியம் ஒன்று. கீழ் வாக்கியத்தை எழுதும்போது புத்தகம் மூடியிருக்க வேண்டும். கண்டிப்பான விதி இது ஒன்றுதான். துண்டுகளை வாராவாரம் வாங்கிப் பாருங்கள்; ஒரு துண்டுக்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகாது.

கருத்துத் திருட்டு என்று மிரட்டி ஆரம்பிக்காதீர்கள். பார்த்து அழகாக எழுதுவது பள்ளிக்கூடத்தில் பாராட்டப்பட்ட திறமை; திடீரென்று அதைக் குற்றம் என்றால் குழம்பிப் போவார்கள். அடுத்தவர் வரியை எடுப்பது தவறில்லை, யாருடையது என்று சொல்லாமல் எடுப்பதுதான் தவறு என்பதிலிருந்து தொடங்குங்கள். ஆய்வேடுகளுக்கு யுஜிசி 2018-இல் கொண்டுவந்த ஒப்புமை விதிகள், 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை என்ற கணக்கெல்லாம் பிறகு தெரிந்துகொள்ளட்டும். இப்போதே சொன்னால், 'அப்போ பத்து பர்சென்ட் காப்பியடிக்கலாமா சார்?' என்பார்கள்.

எட்டு முதல் பதினொன்றாம் வாரம் வரை: எழுத்து

வகுப்பிலேயே, கையால் எழுத வேண்டும். வீட்டுக்கு அனுப்பினால் சாட்ஜிபிடி எழுதித் தரும். நீங்கள் துப்பறிந்துகொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். அந்தக் கருவியை ஒளித்து வைப்பதில் அர்த்தமில்லை. ஒருநாள் வகுப்பிலேயே திறந்து, உங்கள் ஊர்க் கோயிலைப் பற்றி ஐந்து நூல்கள் கேளுங்கள். வரும் பட்டியலைப் பிள்ளைகளிடம் கொடுத்து நூலகத்தில் தேடச் சொல்லுங்கள். இல்லாத நூலைத் தேடி அலமாரி அலமாரியாக அலைந்துவிட்டு வரும் பிள்ளைக்கு நீங்கள் அறிவுரை எதுவும் சொல்ல வேண்டியிருக்காது. எல்லா நூலும் நிஜமாகவே இருந்துவிட்டால் அதுவும் நல்லதுதான், படிக்க ஐந்து புத்தகம் கிடைத்தது.

முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று ஓரத்தில் ஸ்கெட்ச் பேனாவால் கோடு போடும் பழக்கம் உடனே போகாது. முதல் வரைவில் முன்னுரை எழுதக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். நடுப் பத்தி ஒன்றிலிருந்து தொடங்கட்டும். இல்லாவிட்டால் இப்படி வரும்: 'இன்றைய நவீன உலகில் பிளாஸ்டிக் மனித குலத்தையே அச்சுறுத்தும் மாபெரும் அரக்கனாக விளங்குகிறது. இதை ஒழிப்பது நம் ஒவ்வொருவரின் கடமையாகும்.' இதில் மறுக்க ஒன்றுமில்லை, அதனால் படிக்கவும் ஒன்றுமில்லை.

அதே பிள்ளை கடைகளைப் பார்த்துவிட்டு வந்து எழுதினால் இப்படி ஒன்று வரலாம்: 'வாசலில் உள்ள டீக்கடையில் கண்ணாடி டம்ளர்தான். பார்சல் கேட்டால் மட்டும் பிளாஸ்டிக் பையில் ஊற்றிக் கட்டித் தருகிறார்கள். தூக்கு கொண்டுவந்தால் அதில் தருவேன், மாணவர்கள் யாரும் கொண்டுவருவதில்லை என்கிறார் கடைக்காரர். நான் பார்த்த ஒரு மணி நேரத்தில் யாரும் கொண்டுவரவில்லை.' இரண்டையும் அடுத்தடுத்துப் பலகையில் எழுதி, எதனோடு சண்டை போடலாம் என்று கேளுங்கள். ஒரு மணி நேரம் பார்த்தது போதுமா, கடைக்காரர் தப்பிக்கச் சொல்கிறாரா, மழை நாளில் என்ன நடக்கும் என்று இரண்டாவதைத்தான் போட்டுக் கிழிப்பார்கள். கிழிக்க முடிகிற பத்திதான் ஆய்வுப் பத்தி.

எதிர்க்கருத்துக்கு நம்மிடமே ஒரு நல்ல மரபு இருக்கிறது. பழைய உரையாசிரியர்கள் ஒரு நூற்பாவுக்குப் பொருள் சொல்லும்போது, வேறு விதமாகக் கொள்பவர்களையும் 'என்பாரும் உளர்' என்று குறிப்பிட்டுவிட்டு, ஏன் அது பொருந்தாது என்றும் சொல்வார்கள். கட்டுரையில் ஒரு பத்தி கட்டாயம் 'என்பாரும் உளர்' பத்தியாக இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள். அந்தப் பெயரிலேயே சொன்னால் தமிழ்த்துறைப் பிள்ளைகளுக்குச் சட்டென்று பிடிபடும். வணிகவியல் பிள்ளைகள் முதலில் சிரிப்பார்கள், பிறகு அவர்களும் அதையே சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

கடைசி வாரங்கள்: மதிப்பெண்

பல பல்கலைக்கழகங்களில் அகமதிப்பீடு 25, பருவத் தேர்வு 75. அந்த 25-க்குள் அசைன்மென்ட்டுக்கு எவ்வளவு கிடைக்கிறதோ அதில் பாதியைக் கேள்விக்கும் குறிப்புத் துண்டுகளுக்கும் ஒதுக்குங்கள். மீதிப் பாதிதான் கட்டுரைக்கு. கடைசி இரவில் எழுதி வருகிறவருக்கு அப்போது எப்படியும் பாதிக்கு மேல் கிடைக்காது.

60 கட்டுரையிலும் எல்லாப் பிழையையும் திருத்த உட்கார்ந்தால் பருவம் முடிந்துவிடும். ஒற்றுப்பிழையைச் சிவப்பு மையால் வட்டமிட்டுத் தள்ளினால் பிள்ளைகள் வட்டங்களை மட்டும்தான் பார்ப்பார்கள். முதல் வாசிப்பில் ஒன்றை மட்டும் பாருங்கள்: சொல்லியிருப்பதற்கும் காட்டியிருக்கும் ஆதாரத்துக்கும் பொருத்தம் இருக்கிறதா? ஓரத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள், போதும். அப்புறம் ஆளுக்கு இரண்டு நிமிடம் பக்கத்தில் உட்கார வைத்து, ஏதாவது ஒரு வரியைக் காட்டி, 'இது எங்கிருந்து வந்ததும்மா?', 'இதுக்கு ஆதாரம் எதுப்பா?' என்று கேளுங்கள். தானே செய்த பிள்ளை துண்டை எடுத்து நீட்டும். வாங்கி வந்த பிள்ளை கூரையைப் பார்க்கும்.

'சிலபஸ் எப்போ முடிப்பீங்க?' என்று துறைத் தலைவர் கேட்பார். நியாயமான கேள்வி. வாரம் ஒரு மணி நேரம்தான் எடுக்கிறேன், அதுவும் அசைன்மென்ட், செமினாருக்கு ஒதுக்கிய நேரத்திலிருந்து என்று முதலிலேயே சொல்லி ஒப்புதல் வாங்கிவிடுங்கள். பிள்ளைகளிடமும் ஒளிக்காதீர்கள்: 75 மதிப்பெண் தேர்வில் புத்தக விடைதான் எதிர்பார்ப்பார்கள், அங்கே அதை எழுதுங்கள், இங்கே இதை எழுதுங்கள். இரண்டும் வேறு வேறு வேலை என்று தெரிந்தால் இரண்டையும் செய்துவிடுவார்கள்.

அப்புறம், அடுத்த வருடம் கேள்விகளை மாற்றிவிடுங்கள். இல்லையென்றால் ஜூலையிலேயே சீனியர்களின் கட்டுரை ஜெராக்ஸ் கடைக்கு வந்து சேர்ந்திருக்கும்.